ஒரே மாத்திரைக்கு இரண்டு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம், இந்த முறை ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொல்கிறேன். போன மாதம் அப்பா கடையில் மயங்கி விழுந்துவிட்டார். பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறார், அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவருக்குக் கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, அப்படியே சாய்ந்துவிட்டாராம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு, நாம் எப்போதும் போகிற கிளினிக்குக்குக் கொண்டுபோனார். நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது ஊசி போட்டுத் தெளிவித்து உட்கார வைத்திருந்தார்கள். சர்க்கரை ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன், டாக்டர் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்.

அந்த டாக்டர் இப்போது சர்க்கரை நோயாளிகளைத் தனியாகப் பார்ப்பதில்லை, மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் பெண்ணையும் கூட உட்கார வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார்கள், நான் டப்பாவோடு அள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, இரண்டை மட்டும் தனியே எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். ஒன்று பழசு. அது கிடைக்காமல் போனபோது டாக்டர் மாற்றி எழுதியது இன்னொன்று. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. உன் அப்பா புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, பழையது மறுபடி கிடைத்ததும் அதையும் வாங்கி இரண்டையும் போட்டிருக்கிறார், மதியச் சாப்பாட்டையும் வேலை மும்முரத்தில் விட்டிருக்கிறார். பழசை நிறுத்துங்கள் என்று அழுத்திச் சொல்லாதது தன் தவறு என்று டாக்டரே சொன்னார். பிறகு அந்தப் பெண் என்னிடம், சாயங்காலத்தில் இவருக்குக் காரணமில்லாமல் கோபம் வருமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை மாதமாக நான் வாங்கிய பேச்சு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத பேச்சு, இந்த மனுஷனுக்கு என்மேல் வெறுப்புத் தட்டிவிட்டது என்றே நினைத்திருந்தேன். வரும் என்றேன். "சர்க்கரை ரொம்ப இறங்கினா அப்படி வரும்மா. அவர் வேணும்னு பேசியிருக்க மாட்டார்" என்றாள். அங்கேயே அழுதுவிட்டேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய அட்டையை நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பெண் போன் செய்து சர்க்கரை அளவு கேட்கிறாள், டாக்டரிடம் சொல்கிறாள், அவர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தும் விட்டார். நான் தலைகீழாக நின்று சொன்னாலும் கேட்காதவர், அவள் சொன்னால் மணி தவறாமல் சாப்பிட உட்காருகிறார். நடுக்கம் வந்தால் போட்டுக்கொள்ள மிட்டாய் வைத்திருக்கச் சொன்னாள், இவருக்கு அது நல்ல சாக்கு, நடுக்கம் வராமலே இரண்டைக் காலி செய்து என்னிடம் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வீடு அமைதியாக இருக்கிறது பாப்பா.

நீ லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொன்ன அன்று அவர் போனில் கத்தியதும் அந்தச் சாயங்கால நேரம்தான். அதிலிருந்து நீ என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை. என்ன சொன்னார் என்பதுகூட அவருக்குச் சரியாக நினைவில்லை. என்ன சொன்னேன் என்று என்னிடம் கேட்டார், "இனிமே எனக்கு மகளே இல்ல"ன்னு சொன்னீங்க என்றேன். பிறகு, நான் அப்படி நினைத்ததே இல்லை என்று அவளுக்கு எழுது என்றார். நான் பேனாவை எடுத்ததும், "வேணாம், எழுதாத. நானே சொல்லிக்கிறேன்" என்று தடுத்துவிட்டார். அவர் தடுத்ததையும் மீறித்தான் எழுதுகிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

உனக்கும் வயது ஏறுகிறது, அப்பா வழியில் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு, ஒருதரம் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு அப்பா உனக்கு போன் செய்வார். பேச ஆரம்பிக்க அவருக்குக் கொஞ்ச நேரமாகும், அதுவரை போனை வைத்துவிடாதே.

உன் பிரியமுள்ள
அம்மா