மாட்டுக் கொட்டாயில் இருபது மணி நேரம்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
12-2-1964

என் கண்ணு சென்றாயனுக்கு அம்மா அத்தாயி எழுதறது. அறப்பளீஸ்வரன் புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம், அமெரிக்காப் பனியில உன் ஒடம்புதான் எப்படித் தாங்குதோன்னு கவலையா இருக்குது. உன்னோட ரெண்டாவது காயிதத்த நேத்துச் சந்தைக்குப் போன சின்னுசாமி மாமன் காளப்பநாயக்கன்பட்டித் தபாலாபீசுல வாங்கிக் கொண்டாந்து குடுத்தாரு. அதப் படிச்ச பொறவுதான் எனக்கு மூச்சே வந்துது சாமி.

மொதக் காயிதம் வந்தப்ப இங்க நடந்ததச் சொல்றேன், கேட்டு மனசு ஒடஞ்சுறாத. உங்கய்யன் மொளகு பறிக்கறப்ப ஏணி சரிஞ்சு விழுந்து தொடையெலும்பு முறிஞ்சு சேலத்து ஆஸ்பத்திரியில கெடந்தாரே, அப்ப நீ அனுப்பின பணம் உபகாரச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சதுன்னுதான் நாங்க நெனச்சோம். அது இல்ல, காலேசு விட்டப்பறம் ஊருக்குள்ள ஒரு ஓட்டல்ல எச்சித் தட்டுக் கழுவின கூலின்னும், படிக்க வந்தவங்க அனுமதி வாங்காம வெளிய வேலை செஞ்சா அந்த நாட்டுச் சட்டப்படி குத்தம்னும், பிடிச்சாப் படிப்ப நிறுத்திக் கப்பலேத்திருவாங்கன்னும் நீ எழுதியிருந்தத நான் வாய்விட்டுப் படிச்சிட்டேன். அப்படிச் சத்தமாப் படிச்சிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்து கட்டில்ல கெடந்த உங்கய்யன் கேட்டுக்கிட்டே இருந்தாரு. சோத்தத் தொடல. பொழுது சாயறப்ப சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, எங்காலு போனாப் போவுது, எம்பையன் எதுக்கு அடுத்தவன் எச்சியக் கழுவோணும், அதையும் திருடனாட்டம் ஒளிஞ்சுகிட்டுக் கழுவோணும்னு கேட்டாரு. அவரு அழுது நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

உந் தங்கச்சி சின்னாயிதான் தைரியமாப் பேசினா. அண்ணன் அய்யனுக்காகத்தான பண்ணுச்சு, அத அப்படியே போயி, காலேசுல வெளிநாட்டுப் பிள்ளைகளப் பாத்துக்கற ஆபீசுல சொல்லட்டும்மான்னா. எனக்குப் பயம். நம்ம திண்ணனூர் நாட்டுல இருந்து மொதமொதக் கடல் தாண்டிப் படிக்கப் போனவன் நீ, சொல்லி அவங்க அனுப்பிச்சுட்டா என்ன பண்றது, பேசாம அந்த ஓட்டலுக்குப் போறத விட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருன்னு எழுதத்தான் உக்காந்தேன். உங்கய்யன் விடல. சொல்லட்டும், திருப்பி அனுப்பினா வரட்டும், இங்க நம்ம காட்டுல வேலை செய்ய எவங்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லன்னாரு. அதையே எழுதித் தபால்ல போட்டோம். அது வந்து சேர்றதுக்கு முன்னாடியே நீயாப் போய்ச் சொல்லிட்டியே கண்ணு.

அந்த ஆபீசு அம்மா மொதல்ல சத்தம் போட்டுட்டு, அப்பறம் உங்க அப்பாவுக்குக் கால் எப்படி இருக்குதுன்னு கேட்டாங்கன்னு எழுதியிருந்தியே, அந்த எடத்துல சின்னாயி எங்கையப் பிடிச்சுக்கிட்டா. அவங்க ஊடு வாசல் எல்லாம் நல்லா இருக்கோணும். ஓட்டல் வேலைய அன்னிக்கே விடச் சொல்லிட்டாங்க, காலேசுப் பண்ணை மாட்டுக் கொட்டாயில வேலை குடுத்திருக்காங்க, பாடம் நடக்கற காலத்துல வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல செய்யக் கூடாது, லீவு விட்டா முழு நாளும் செய்யலாம், எல்லாம் வெளங்குச்சு. இங்க சாணி அள்ளச் சொன்னாப் புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டுப் பலாமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சவன், கப்பலேறிப் போயி மாடு கழுவறான்னு சின்னாயி சிரிச்ச சிரிப்புல அக்கம்பக்கம் எல்லாம் வந்து என்ன விசேசம்னு கேட்டாங்க.

உங்கய்யன் இப்பத் தடிய ஊனிக்கிட்டுக் காடு வரைக்கும் போயிட்டு வாராரு. ஏணியில ஏறிட்டேன்னு எழுதுன்னாரு, நான் எழுத மாட்டேன், ஏறல, கீழ நின்னு மொளகுக் கொடியத் தடவிக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. இனிமே நீ பணம் அனுப்பாத. கொடி இந்த வருசம் நல்லாப் பிடிச்சிருக்குது, எங்களுக்கு அது போதும். மிச்சமிருந்தாக் கனமான கம்பளிச் சட்டை ஒண்ணு எடுத்துக்க. சினேகிதன் யாராச்சும் அந்த ஓட்டலுக்குத் திரும்பக் கூப்பிட்டாப் போகாத. பரிச்சை வருதுன்னா மாட்டு வேலையக் கொறைச்சுக்க, நீ போனது படிக்கத்தான்.

எட்டுக்கை அம்மன் உனக்குத் தொணையிருப்பா, எடுத்த படிப்பு நல்லபடியா முடியும். இன்னொண்ணு, உங்கய்யன் நேத்துல இருந்து இதையே பேசிக்கிட்டு இருக்காரு, மறக்காமப் பதில் எழுது. மாட்டுக்கு வலி எடுத்து, கன்னுக்குட்டிக் காலு வெளிய தெரியற நேரத்துல உன்னோட இருபது மணி நேரம் முடிஞ்சு போச்சுன்னா நீ என்ன பண்ணுவேன்னு கேக்கறாரு. சட்டம்னு விட்டுட்டு வந்துறக் கூடாதாம். கன்னு கீழ விழுந்து, தாய் அத நக்கிக் குடுக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கோணுமாம். அந்த நேரத்த மட்டும் கூலியில சேக்க வேண்டாம்னு அந்த ஆபீசு அம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிருவியாம்.

உன்னப் பெத்தவ,
அத்தாயி