தட்டுக்கு வைத்த பொட்டு

சேசு மரி சூசை துணை

ஆரணி,
21.10.1984

அன்புத் தங்கை சகாயமேரிக்கு,

அக்கா அமலோற்பவம் எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். லண்டனில் குளிர் தொடங்கியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ. இங்கே ஒரு வாரமாக மழை. சாயம் போட்ட பட்டு காயவில்லை, ஆற்றிலும் தண்ணீர் ஓடுகிறது.

முதலில் நல்ல செய்தி. உன் மாமா மறுபடி பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார்! மே மாதம் நீ மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த வீடியோ டிஸ்க் மிஷினும், பறவைப் படம் பதிந்த அந்தத் தட்டும் செய்த வேலை. ஊசியே இல்லாமல் வெறும் வெளிச்சத்தால் படிக்கும் என்று நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. பொத்தானை அழுத்தினால் மீன்கொத்தி அப்படியே டி.வி.யில் நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் அசையவில்லை. உன் மாமா ஒவ்வொரு இறகாக எண்ணி, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, புதுச் சேலைப் பார்டர் ஒன்று போட்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு!

எதனால் அந்த இரண்டு வருஷம் என்று உனக்குத் தெரியும். தறி முதலாளி எல்லப்பன் செய்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மாமா மூன்று மாதம் கண் எரிய எரியப் போட்ட அன்னப் பார்டரைத் தன் சொந்தக் கற்பனை என்று மெட்ராஸ் கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்கிக்கொண்டான். கேட்கப் போனவரை வாசலில் நிற்கவைத்து, "கூலிக்குக் கோடு போட்ட ஆளுக்குப் பேர் ஒரு கேடா?" என்று கேட்டான் படுபாவி. அன்றைக்குப் பென்சிலைப் பரண்மேல் போட்டவர்தான் உன் மாமா.

நம் மிஷின் வந்த இரண்டாம் மாதமே அவன் மருமகன் ராஜவேலுவும் லண்டன் வேலையை விட்டு ஊரோடு வரும்போது ஒன்று கொண்டுவந்தான். அது ஊசி ஜாதி. தட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், உறையோடு உள்ளே தள்ளி உறையை மட்டும் உருவ வேண்டும். ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது, போ! டீக்கடையில் தறிக்காரர்கள் ஊசிக் கட்சி, வெளிச்சக் கட்சி என்று சண்டை பிடிக்கிறார்கள். "எங்க ஊசி மிஷின்தான் உலகம் பூரா நிக்கப் போவுது. அவங்க கண்ணாடித் தட்டு நாலு மாசத்துல காயலான் கடைக்குப் போயிடும்" என்று எல்லப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊசி மிஷினைச் செய்வதையே அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது என்று நீ எழுதிய கடிதம் அப்போது என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. படித்துச் சிரித்துவிட்டு மூடிவைத்தேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

இனிமேல் எழுதுவதை மாமாவிடம் சொல்லிவிடாதே.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மெட்ராஸ் ஜவுளிக் கடை பொன்னுசாமி வருவதாக இருந்தார். புதுப் பறவைப் பார்டர் யார் போடுகிறார்களோ அவர்கள் பெயரிலேயே அடுத்த பொங்கல் சேலைகளை விற்பதாகச் சொல்லியிருந்தார். எல்லப்பனும் அவருக்குப் போட்டுக் காட்டப் பறவைத் தட்டு ஒன்று வரவழைத்து வைத்திருந்தான். பூஜையன்று காலையில் அவன் சம்சாரம் சின்னபொண்ணு சந்தனக் கிண்ணத்தோடு நம் வீட்டுக்கு வந்தாள். அவள் நல்லவள், எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினைந்து நாள் மோர் கொண்டுவந்து கொடுத்தவள். "அக்கா, உங்க வீட்லயும் மிஷின் இருக்குதே, உங்களுக்குத் தெரியும். தறிக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டேன். இந்த டிஸ்க்குக்கு உறை மேல வெச்சாப் போதுமா, உள்ள இருக்கற தட்டுக்கும் வெக்கணுமா?" என்று கேட்டாள்.

ஊசித் தட்டில் விரல் பட்டாலே போச்சு என்று நீ உன் வாயால் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும், "தறிக்கு வெக்கும்போது மேலே துணியைப் போட்டு மூடிட்டா வெப்பாங்க? தட்டுக்கே வெச்சுடும்மா, மங்களமா இருக்கும்" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், சகாயம். அவள் நான் சொன்னபடியே உறையைப் பிளந்து, தட்டின் இரண்டு பக்கமும் சந்தனம் தடவி, மூன்று மூன்று குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள்.

மறுநாள் அவன் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். நானும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டு சுற்றியது. ஒரு கொக்கின் கால் தெரிந்தது, பிறகு கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் கோடுகள். குங்குமத்தில் மாட்டி ஊசி ஒடிந்தே போயிற்று. எல்லப்பன் முகம் செத்துப்போனதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்தது போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பொன்னுசாமி எழுந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். நின்ற மீன்கொத்தியையும் கிராஃப் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அடைக்கலசாமி பார்டர்னே போட்டுடலாங்க" என்று மாமா பெயரையே சொன்னார். மாமா அன்று ஒரு வாய் சோறு இறங்காமல் அழுதார். பிறகு என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அவன் மிஷின் நல்லா ஓடியிருந்தாக்கூட அதுல படம் நிக்காது. ஓடுற பறவையை எவன் எண்ண முடியும்? எப்படியும் நமக்குத்தான் வந்திருக்கும்." நான் சொன்ன பொய்க்கு அவசியமே இருக்கவில்லை.

அன்று பொன்னுசாமி அவன் கூடத்தை விட்டு வெளியேறும்போதே எல்லப்பன் அத்தனை பேர் நடுவில், "தரித்திரம் புடிச்சவளே, தட்டைத் தொடச் சொல்லி எவடி சொன்னது?" என்று சம்சாரத்தின் மேல் கை ஓங்கினான். சின்னபொண்ணு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் நிலையை விட்டு அசையவில்லை. "யாரும் சொல்லலீங்க, நானேதான் வெச்சேன்" என்றாள். இன்றுவரை என் பெயரை அவள் சொல்லவில்லை. தெருக் குழாயில் பார்த்தால் எப்போதும் போல "சாப்டீங்களாக்கா?" என்று கேட்கிறாள், நான் பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். போன சனிக்கிழமை சாமியாரிடம் இதைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வரும்போது திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று எல்லப்பன் தன் கணக்கர் துரைக்கண்ணுவை அனுப்பி, லண்டனில் இருக்கிற உன்னிடம் சொல்லி ஒரு ஊசி வாங்கித் தரக் கேட்டிருக்கிறான். தானே வந்து கேட்க அவனுக்கு இன்னும் கால் வரவில்லை! நான் முடியாது என்றேன். மாமாதான், "எழுது அமலா, அவனும் பொழச்சுப் போவட்டும்" என்றார். அவர் மன்னித்துவிட்டார். எனக்கு அந்த மனசு இல்லை.

ஆனாலும் ஊசி வாங்கி அனுப்பு. பழைய சரக்கு எந்தக் கடையிலாவது கிடக்கும், தேடு. எல்லப்பன் பெயர் பார்சலில் எங்கேயும் வரக்கூடாது. சின்னபொண்ணு என்று மட்டும் எழுதி, ரிஜிஸ்டர் செய்து அனுப்பு. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். அவன் போய் அவளிடம் கை நீட்டிக் கேட்கட்டும். கொடுப்பதும் கிணற்றில் போடுவதும் அவள் இஷ்டம்.

உள்ளே ஒரு சீட்டு வை. என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் எழுதப் பார்த்தேன், நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம். நீயே எழுதி, கீழே என் பெயரைப் போட்டுவிடு.

தேவமாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். எல்லப்பனை நான் மன்னிக்க வேண்டும் என்று நீ ஜெபம் பண்ண வேண்டாம், அது இப்போதைக்கு நடக்காது. குழாயடியில் அவள் கேட்கும்போது, நான் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்.

உன் அக்கா,
அமலோற்பவம்