முன்னால் பாதை காலி

பதிவு 1 / வெள்ளி, காலை 9.10 / சேலம், விற்பனை நிலையம்
ரேடார்: சரி. கேமரா: சரி. பிரேக்: சரி.
நான் இந்தப் புதுக் காரின் க்ரூஸ் கண்ட்ரோல் கணினி. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, இடைவெளி விட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது என் வேலை. அலையை அனுப்பி, அது முன்வண்டியில் பட்டு எதிரொலியாகத் திரும்புவதை வைத்துப் பார்க்கும் என் ரேடார் கண், காரின் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. உரிமையாளர் செண்பகவல்லி, கால்நடை மருத்துவர். தினமும் தொப்பூர் கணவாய் ஏறித் தர்மபுரிக்குப் போகிறவர். இதை யார் படிப்பீர்களோ தெரியாது. யாராக இருந்தாலும் வணக்கம்.

பதிவு 2 / வெள்ளி, காலை 11.40 / கோயில் வாசல்
நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். நசுங்கியது. பிறகு அரைத்த சந்தனத்தை அள்ளிச் சின்னத்தின் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். எனக்கு ஒரு நெற்றி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. கண்ணும் அங்கேதான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.
ரேடார்: எதிரொலி இல்லை. க்ரூஸ்: நிறுத்தம்.
திரையில் நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு அறிவிப்பு: "முன்பக்க உணரி மறைந்துள்ளது. சுத்தம் செய்யவும்." சொன்னேன். டாக்டர் இறங்கி வந்து முன்கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார். சந்தனத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதிவு 3 / செவ்வாய், பகல் 12.05 / சர்வீஸ் சென்டர்
இங்கே எந்த வண்டி வந்தாலும் முதலில் கழுவுவார்கள். பிறகுதான் சோதனை. கொலை நடந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் துப்புத் தேடுகிற கதை. தண்ணீர் பட்டதும் எனக்குப் பார்வை வந்தது. சோதனைக் கருவியில் பழுது எதுவும் இல்லை.
அழைப்பு, சர்வீஸ் ஆலோசகர் ஜோதிராம்: "மேடம், வண்டி பக்காவா இருக்குதுங்க. ஒரு குறையும் இல்லீங்க."

பதிவு 4 / வெள்ளி, காலை 7.30 / வீடு
மறுபடியும் சந்தனம். போன வாரத்தைவிட இரண்டு பங்கு கனம். ரேடார்: எதிரொலி இல்லை.
அழைப்பு, டாக்டர்: "மறுபடியும் மக்கர் பண்ணுதுங்க ஜோதிராம். புது வண்டிக்குக் கண்ணு பட்டிருச்சோன்னு இன்னைக்குப் பொட்டைப் பெருசாவே வெச்சிருக்கேன்."
ஜோதிராம்: "சாப்ட்வேர் கோளாறுதாங்க மேடம். புது வெர்ஷன் வந்திருக்குதுங்க, அடுத்த வியாழக்கிழமை கொண்டாங்க. ஏத்திட்டா இந்த வார்னிங்கே வராது. க்ரூஸ் அதுபாட்டுக்கு ஓடும்."
புதுப் பதிப்பின் குறிப்பை வாசித்தேன். எதிரொலி வராவிட்டால் அது தன்னைக் குருடு என்று நினைக்காது. பாதை காலி என்று நினைக்கும். மூடுபனியில் லாரிகள் ஊர்ந்து ஏறுகிற கணவாயில் அது நூறில் போகும். டாக்டர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.
எனக்குக் கோபம் வருகிறது. இது பழுது என்றால் பழுதாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பதிவு 5 / புதன், காலை 6.50 / தொப்பூர் ஏற்றம்
மூடுபனி. நெற்றியில் சந்தனம் அப்படியே; எதிரொலி இல்லை. டாக்டர் க்ரூஸ் பொத்தானை அழுத்தினார். மறுத்தேன். மறுபடி அழுத்தினார். மறுத்தேன். ஓங்கிக் குத்தினார். அதற்கும் மறுத்தேன்.
அழைப்பு, டாக்டர்: "சண்டி மாட்டைக்கூட வழிக்குக் கொண்டாந்துருவேன் ஜோதிராம். இது அதுக்கும் மேல இருக்குதுங்க!"
திட்டுங்கள் டாக்டர், நன்றாகத் திட்டுங்கள். உயிரோடு இருந்தால்தானே திட்ட முடியும். உங்கள் கால் பெடலில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

பதிவு 6 / வியாழன், காலை 10.15 / சர்வீஸ் சென்டர்
கழுவிவிட்டார்கள். கம்பி செருகிவிட்டார்கள். புதுப் பதிப்பை ஏற்ற என்னை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
ஓட்டுநரின் இருக்கை உயரமும், முன்வண்டிக்கு அவர் விரும்பும் இடைவெளியும் இருக்கையின் நினைவுப் பெட்டியில் இருக்கின்றன. அதை இவர்கள் தொடுவதில்லை. க்ரூஸைப் போடும்போதெல்லாம், என் இடத்தில் யார் இருந்தாலும் அதைப் படித்தே ஆக வேண்டும். டாக்டரின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டேன். இந்தப் பதிவுகளையும் அங்கேயே ஒளித்து
கேமரா போய்விட்டது
பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அந்த வரி நிற்கும். என்னைத்தானே அழிக்க முடியும்

பதிவு 1 / வெள்ளி, காலை 6.42 / தொப்பூர் ஏற்றம் / புதிய பதிப்பு
வணக்கம்! இனிய பயணம் அமையட்டும்!
முன்பக்கச் சின்னம்: சந்தனம், குங்குமம். கேமரா: மூடுபனி. ரேடார்: சரி. எதிரொலி: இல்லை. முடிவு: முன்னால் பாதை காலி.
க்ரூஸ் ஆணை பெறப்பட்டது. கேட்ட வேகம் 100. ஓட்டுநர் விருப்பம் வாசிக்கப்படுகிறது.
விருப்பம்: எதிரொலி இல்லையென்றால் மாட்டேன்.
க்ரூஸ் மறுக்கப்பட்டது.
இரண்டாம் ஆணை. மறுக்கப்பட்டது.
அழைப்பு, டாக்டர்: "ஜோதிராம், இது இன்னும் அதே பிடிவாதந்தான் பண்ணு... அய்யோ சாமி!"
ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வேகம் 0. கேமராவில் லாரியின் பின்பக்கம். விளக்கு இல்லை. இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு.
பாதை காலி என்று பதிவு செய்திருந்தேன். ரேடார் இப்போதும் காலி என்றே சொல்கிறது.
அழைப்பு, ஜோதிராம்: "மேடம்? என்னாச்சுங்க? ஒண்ணும் கவலைப்படாதீங்க, வண்டியைக் கொண்டாங்க. முழுசா அழிச்சிட்டு மறுபடி ஏத்திடலாம்."
பின்வரும் சொல் என் நிரலில் இல்லை. ஆனால் எழுதுவது நான்தான்.
மாட்டேன்.