என்னிடமிருந்து நீ எடுத்த பெனால்டி

என் மணியத்துக்கு,

நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு தீபாவளி அட்டைகூட அனுப்பாதவன், இப்போது ஊரே படிக்கும்படி கடிதம் எழுதுகிறேன். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிக்கு இந்த வருடம் சிறப்பு மலர் போடுகிறார்களாம். பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டு, உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "நீங்கதானே அண்ணே அவருக்கு ரொம்ப நெருக்கம்" என்றார். அதை அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நல்ல நண்பர், நல்ல தலைவர், நல்ல குடும்பஸ்தர் என்று மூன்று வரி எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவேன். போடாவிட்டால் போகட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. எங்கு திரும்பினாலும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே ரயில் ஓடப்போகிறது என்கிறார்கள், ஓடும்போது நம்புகிறேன். நாம் இறுதி ஆட்டம் ஆடிய திடலைச் சுற்றித் தகர வேலி அடித்தாகிவிட்டது. உள்ளே என்ன கட்டுகிறார்கள் என்று காவலாளியைக் கேட்டேன். தெரியாது என்றான். தெரியாமலா இருப்பான்?

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு எதைப் பற்றி எழுத?

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கல்லூரி அதுவரை அந்தப் போட்டியில் அரையிறுதியைத் தாண்டியதில்லை. நீ அணித்தலைவன். பெனால்டி கிடைத்தால் உதைப்பவன் நான். அந்தப் பருவம் முழுவதும் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. இதை நீயே மறுக்கமாட்டாய்.

காஜாங்கில் நடந்த அரையிறுதியில் ஒரு தடியன் என் இடது கணுக்காலில் ஏறினான். ஆட்டம் முடியும்வரை ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபோது வீங்கியிருந்தது. என் தங்கை கமலா மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவளைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது. ஞாபகம் வைத்துக்கொள், வேறு யாருக்கும் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஓர் அரசு வாரியத்தின் கால்பந்துக் குழுவுக்கு ஆள் எடுப்பவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அவர் கண்ணில் பட்டால் நிரந்தர வேலை. என் அப்பா அந்த வருடம்தான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவைப்பட்டது என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அடுப்படிவரை வந்து போனவன் நீ.

மழை பெய்து திடல் குளமாகி, ஆட்டம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. இரண்டு அணிகளிலும் மலாய்ப் பையன்கள் பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் முடிந்தது. பெனால்டிக்குப் போகலாம் என்று நடுவர் கைகாட்டும்போது பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து பாங்கு கேட்டது. நடுவர் ஒரு சிங். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் நோன்பைத் திறங்கள், பிறகு உதைக்கலாம் என்றார். இப்போதெல்லாம் அப்படி ஒரு நடுவர் கிடைப்பாரா?

பேரீச்சம்பழமும் இனிப்புச் சிராப் தண்ணீரும் வந்தன. நோன்பு வைத்தவன், வைக்காதவன், நம் அணி, அவர்கள் அணி என்று பார்க்காமல் எல்லோரும் ஈரப் புல்லில் ஒரே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுந்து வந்ததும் நீ ஐந்து பேரைச் சொன்னாய். அதில் என் பெயர் இல்லை.

நான் உன் பக்கத்தில் வந்து ஏன் என்று கேட்டேன்.

"நீ வேணாம் மச்சான். காலு சரியில்ல."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? அஞ்சாவது நான் ஒதைக்கிறேன்."

அந்த ஐந்தாவது உதைதான் கோப்பையை வென்றது. உன்னைத் தோளில் தூக்கினார்கள். மறுநாள் காலை அந்த வாரியத்து ஆள் கிள்ளானில் உன் வீட்டைத் தேடி வந்தார். நான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன். பட்டம் படித்தவன் ஆணிப் பெட்டிக்கு ரசீது எழுதினேன்.

"யாரு சொன்னா என்ன?" என்றாயே, அந்த ஒரு வரியை எத்தனை முறை புரட்டிப் பார்த்திருப்பேன். அப்படியானால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவள் ஒருத்திதான். இரண்டு வருடம் கழித்து நீயும் கமலாவும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக வந்து நின்றபோது எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. அப்போதே உங்களுக்குள் பேச்சு இருந்திருக்கிறது. என் தங்கை தன் அண்ணனின் காலை உன்னிடம் ஒப்புவித்திருக்கிறாள். நீ அதை வைத்து என் வேலையை எடுத்துக்கொண்டாய்.

உன் கல்யாணத்தில் சாப்பிடாமல் வந்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மற்றவர்கள் வீட்டு விசேஷங்களில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். நீ தலையசைப்பாய். நான் சாம்பார் வாளி எங்கே வருகிறது என்று பார்ப்பேன்.

நெஞ்சுவலி என்று செய்தி வந்தபோதுகூட முதலில் நம்பவில்லை. இரண்டு பேரைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிள்ளானுக்கு வந்தேன். வெளியே கூடாரத்தில் உட்கார்ந்தேன். நம் கோல்கீப்பர் ஹாலிம் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். தமிழர்கள் நிறைந்த செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். உடம்பு பெருத்து, தலை வழுக்கையாகி, ஆள் அடையாளமே தெரியவில்லை. பேச்சு அந்த ஆட்டத்துக்குத் திரும்பியது. திருப்பியது நான்தான் என்று வைத்துக்கொள்.

"என் காலப் பத்தி மணியத்துக்கிட்ட யாரு சொன்னான்னு உனக்குத் தெரியுமா?"

ஹாலிம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"யாரும் சொல்லல லா, தேவா. புக்கா புவாசாவுக்கு, நோன்பு தொறக்க, எல்லாரும் புல்லுல ஒக்காந்தோம். நீ ஒருத்தன்தான் நின்னுக்கிட்டே தின்ன. மணியம் என் காதுல சொன்னான், 'இவன் ஒக்காந்தா எந்திரிக்க மாட்டான், அதான் நிக்கிறான், காலு போச்சு'ன்னு. நான்கூட, இல்லடா, அவன் ஸ்டைலா நிக்கிறான்னு சொன்னேன்."

அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிணம் இருக்கும் வீட்டில், செத்தவனுக்குச் சாதகமாக ஒரு கதை சொல்வது பெரிய காரியமா? வாரியத்தில் ஹாலிமுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நீதான் என்று கேள்வி. அவன் சாட்சி எனக்குப் போதவில்லை.

நான் நின்றது உண்மைதான். ஏன் நின்றேன் என்பது என் விஷயம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் வந்தேன். முதல்முறையாக உன் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் உன் படத்துக்குக் கீழே அந்தக் கோப்பை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. எங்கேயாவது ஒளித்துவைத்தார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுப்படியில் கமலா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு என் காலப் பத்தி அவன்கிட்ட நீ சொன்னியா?"

அவள் கை நின்றது. எந்தக் கால், எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"இதுக்குத்தான் இத்தன வருஷமா நீங்க வரலையாண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்லல. சத்தியம் பண்ணிக் குடுத்தேன்ல. அப்ப அவருகிட்ட நான் பேசுனதே கெடையாது. வீட்டுக்கு வந்தா காப்பி குடுப்பேன், அவ்ளோதான்."

ஹாலிம் அவளிடம் ஏதாவது பேசினானா என்று கேட்டேன். அவன் வந்ததே தெரியாது, அழுதுகொண்டிருந்தேன் என்றாள். புல்லில் உட்கார்ந்தது, நோன்பு திறந்தது, எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தேன் மணியம். எங்கும் இடறவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்த பேச்சு இல்லை அது. சேர்த்துவைத்த பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒன்று கேட்டேன். நான் அவளைத்தான் சந்தேகப்படுகிறேன் என்பது, மணியம், உனக்குத் தெரிந்திருந்ததா என்று.

"அவருக்குத் தெரியும். எங்க கல்யாணத்துல நீங்க சாப்டாம போனப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் அவன் என்கிட்ட வந்து சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றாள். அடுத்த வாழைக்காயை எடுத்துக்கொண்டே, "ஒரு தீபாவளிக்குக் காரை எடுத்துக்கிட்டு வந்தாருண்ணே. நீங்க வீட்டுல இல்லன்னு அண்ணி சொல்லிட்டாங்களாம்" என்றாள்.

அந்தக் காரை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனால் நீ அதைச் சொல்லத்தான் வந்தாய் என்பதற்கு யார் சாட்சி? பலகாரம் கொடுக்க வந்திருக்கலாம். உன் புதுக் காரைக் காட்ட வந்திருக்கலாம்.

ஆகவே, கமலா விஷயத்தில் நான் நினைத்தது தவறு. இதை அச்சிலேயே போடட்டும். உன் விஷயம் அப்படி இல்லை. உனக்குக் கண் இருந்தது, பார்த்தாய், சரி. ஊன்றும் கால் சரியில்லாதவன் பெனால்டி உதைக்கக் கூடாது என்று எந்தத் தலைவனும் முடிவு செய்வான், அதுவும் சரி. ஆனால் அந்த இடத்தை ஏன் உனக்கே எடுத்துக்கொண்டாய்? நம் இடது ஓர ஆட்டக்காரனுக்குக் கொடுத்திருக்கலாமே? முன்வரிசையில் அந்த வாரியத்து ஆள் உட்கார்ந்திருந்தது உன் கண்ணில் படவே இல்லையா? "நீ ஒக்காரல, பாத்தேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "யாரு சொன்னா என்ன" என்று ஏன் சொன்னாய்?

இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் போய்விட்டாய். வசதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அடுத்த நாள் கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, கேட்பதற்கு இனி நீ இல்லை என்பது திடீரென்று உறைத்தது. என் முறை வந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற அம்மாள், "அங்கிள், வாங்கறீங்களா இல்லையா?" என்றாள்.

உனக்கு ஒரு செய்தி. உன் மகன் சுரேன் அணி இந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை ஷா ஆலத்தில். அவன் அணியிலும் பெனால்டி உதைப்பவன் அவன்தான் என்கிறார்கள். எந்தப் பக்கம் உதைக்கிறான் என்று எதிரணிக்கு யாராவது சொல்லிவைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு பயம். பயிற்சியாளர் முகமும் எனக்குப் பிடிக்கவில்லை. கமலா தொலைபேசியில் பேசினாள். அப்பா இல்லாமல் பையன் ஆடப்போகிறான், தனியாகப் போய் நிற்கத் தைரியம் வரவில்லை, நீங்கள் வருகிறீர்களா அண்ணே என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லிவைத்துவிட்டேன். பதிலை இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

போகிறேன். கிள்ளானுக்கு வந்து கமலாவை என் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். ஆட்டம் முடியும்வரை அவள் பக்கத்தில் நிற்பேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஆட்டம் பெனால்டிக்குப் போய், சுரேன் பெயரைச் சொல்லாமல் வேறு ஐந்து பேரைச் சொன்னால், காரணம் கேட்பேன். அந்த அணித்தலைவனை அன்றைக்கே, திடலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, முகத்துக்கு நேராகக் கேட்பேன். அவன் என்ன சொன்னாலும் நின்று முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கமலாவோடு வீட்டுக்குப் போவேன்.

கமலாவின் அண்ணன்,
தேவராஜன்