டவரிலிருந்து நான் கழற்றிய சட்டம்

காலையிலிருந்து மாடிப்படி முழுக்கப் பெயின்ட் வாசனை. மொட்டைமாடியில் இருக்கும் செல்போன் டவருக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். மந்தைவெளியில் இந்தக் குடியிருப்புக்கு இன்னமும் நான்தான் செயலாளர். அந்தப் பதவிக்கு ஏமாற வேறு ஆள் கிடைக்கவில்லை. மேற்பார்வை பார்க்கிறேன் என்று ஏறிப்போனவன், பெயின்டர் டவர்மேல் காலை வைத்ததும் இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சைதாப்பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் மறுபடி சந்தித்ததே இந்த டவரால்தான். நீ அதைப் பராமரிக்கும் கம்பெனியின் ஆள். வரும்போதெல்லாம் என் வீட்டில் காபி குடித்து, எதிர் ஃப்ளாட் மாமா யார்மேல் கேஸ் போட்டிருக்கிறார் என்ற முழு விவரத்தையும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவாய். இவ்வளவு ஒல்லிக் கம்பிகளை வைத்து இது எப்படி நிற்கிறது என்று ஒருமுறை கேட்டேன். காற்றைத் தடுக்காமல் நடுவே போகவிடுவதால் நிற்கிறது என்றாய். பிறகு ஒரு குறுக்குச் சட்டத்தைத் தட்டிக் காட்டினாய். "இதுல சும்மா நிக்கிறது ஒண்ணுகூட இல்ல மச்சி. ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு கீது."

அதைக் கேட்ட பிறகும் நான் செய்த காரியத்தைப் பார்.

புதிதாக வாங்கிய தண்ணீர்த் தொட்டி டவருக்கும் சுவருக்கும் நடுவே நுழையாமல் ஒரு குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பிளம்பரை வைத்து அந்த ஒன்றை மட்டும் கழற்றினேன். தொட்டியை உள்ளே தள்ளியதும் திரும்ப மாட்டத்தான் நினைத்தேன். அதற்குள் என் ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்பு துருப்பிடித்து உடைந்தது. இந்தச் சட்டம் அளவெடுத்ததுபோல அங்கே பொருந்திவிட்டது.

புயல் எச்சரிக்கை வந்த அன்று மத்தியானம் நீ வந்தாய். உச்சியில் ஒரு ஆன்டெனா தளர்ந்து ஆடியது. காற்று பலப்படுவதற்குள் இறுக்கியாக வேண்டும். சட்டம் இல்லாத இடத்தைத் தொட்டி மறைத்திருந்தது. எப்போதும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறுகிற நீ, அன்று அவசரத்தில் நேராக ஏணிக்குப் போனாய். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இரண்டாம் மாடி மாமி துணி எடுத்துக்கொண்டிருந்தார். செயலாளர் டவரைப் பிரித்து ஏசிக்கு முட்டுக்கொடுத்தார் என்பது அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் லஸ் கார்னர் போய்ச் சேரும். ஊர் வம்பு எனக்குப் பிடிக்கும்; நானே வம்பாவது பிடிக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

நீ பாதி உயரம் போனபோது காற்று ஓங்கி அடித்தது. தொட்டிக்குப் பின்னால், டவரின் மூலைக்கால் லேசாக வளைந்து நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. ஏதோ ஒரு போல்ட் முனகியது.

"மச்சி, எறங்குடா. கீழ ஒரு கம்பி இல்ல. நான்தான் எடுத்தேன்."

நீ இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி, ஒரு படி கீழே மாட்டி, காற்று தணியும்வரை காத்திருந்து, அடுத்த படி. நான் அந்த மூலைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், என் தொப்பையை நம்பித்தான் அது நிற்கப்போகிறது என்பதுபோல. மாமி பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தரைக்கு வந்ததும் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாய்.

"எங்க கீது?"

"ஏசிக்கு அடியில."

நீ சிரிக்கவில்லை. வெளிப்பெட்டியை இறக்கிச் சோபாவில் படுக்கவைத்துவிட்டு, சட்டத்தைக் கொண்டுபோய் மாட்டினோம். நான் ஒரு முனையைத் தாங்கினேன், நீ முடுக்கினாய். பிறகு மறுபடி ஏறி வேலையை முடித்தாய்.

விஷயம் லஸ் கார்னர் தாண்டியும் போயிற்று. அடுத்தவர் சொல்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று அதை ஒரு சிரிப்புக் கதையாக்கினேன். முதல்முறை சொன்னபோது நீயும் உட்கார்ந்திருந்தாய். காபியை ஆற்றிக்கொண்டே ஒருமுறை என்னைப் பார்த்தாய். எதையும் திருத்தவில்லை.

எத்தனையோ டவர் ஏறியவன், போன வருஷம் சைதாப்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். இனிமேல் திருத்த ஆள் இல்லை. சென்ற வாரம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னேன். இலை முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கதையில், நீ ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே உன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிடுவேன்.

நீ இருபத்தாறு படி ஏறியிருந்தாய் மச்சி. நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.