நான்காம் நம்பர் பிரஸ்ஸும் ரீஸ்டோர் பாயிண்ட்டும்

மார்ச் 3, திங்கள்

திருமழிசை பஸ்ஸில் இன்றும் ஒற்றைக் காலில்தான் பயணம். கம்பெனியில் இன்றுதான் விரல் வைக்கும் மெஷின் வந்தது. இத்தனை நாள் வருகைக்கு நோட்டுதான். அதன் மென்பொருளைக் கணினியில் ஏற்றும் முன், ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிவர ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று வைத்தேன். மேனேஜர் பூபாலன், "அது இன்னாபா?" என்றார். சிஸ்டத்தைப் பழைய நாளுக்குக் கொண்டுபோகலாம் சார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

ஜஸ்டின். தகடு வெட்டும் நான்காம் நம்பர் பிரஸ். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஒயர் போட்டு ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். உற்பத்தி குறையுதாம். எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

மார்ச் 6

பூபாலன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தமிழு, நேத்து ஜஸ்டின் டூட்டிலயே இல்ல. புர்தா? திங்கக்கெழம இன்னாவோ பாயிண்ட் வச்சியே. சிஸ்டத்த அந்த நாளுக்குத் தள்ளிடு."

ரீஸ்டோர் மென்பொருளையும் அமைப்புகளையும்தான் பின்னால் கொண்டுபோகும். நாம் சேமித்த பதிவுகளைத் தொடாது. அழிந்ததை மீட்டும் தராது, இருப்பதை அழிக்கவும் செய்யாது. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால், 'அப்ப நீயே அழி' என்பார்.

பயமா? இருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 7

முதல் முறை பாதியில் நின்றது. ஆன்டிவைரஸை நிறுத்தினேன், மறுபடி நின்றது. சேஃப் மோடில் போய்ச் செய்தேன். பூபாலன் பின்னாலேயே நின்று, "இன்னாயா, ரேஷன் கடை கியூ மாறி நவுரவே மாட்டேன்து" என்று சிரித்தார். ஒருவனுக்கு விரல் போயிருக்கு, இந்தாளுக்குச் சிரிப்பு வருது.

முடிந்தது. திங்கட்கிழமை ஏற்றிய மென்பொருள் திரையில் இல்லை. "சுத்தமா பூட்ச்சி!" என்றார். சுவரிலிருந்த மெஷினை அவரே கழற்றிப் பீரோவில் பூட்டினார்.

வருகைப் பதிவு மட்டும் டி டிரைவில் அப்படியே இருந்தது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8

நான்காம் நம்பரில் வேறு ஆள். ஒயர் அப்படியே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சென்னீர்குப்பத்தில் ஜஸ்டின் வீட்டுக்குப் போனேன். ஜஸ்டின் மனைவி ராணி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சரிதான்.

"அன்னிக்கு வேலைக்கே வர்லன்றாங்கண்ணா. அப்போ ஊட்லயா வெட்டிக்கினாரு? நீங்களும் கம்பெனி ஆளுதான?"

நானும் கம்பெனி ஆள்தான்.

ஜஸ்டின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே கேட்டான்: "மச்சான், காலைல வச்சனே வெரலு, அது அதுல கீதா?"

"கீது."

மார்ச் 12

மென்பொருளை என் லேப்டாப்பில் ஏற்றிப் பதிவைத் திறந்தேன். ஜஸ்டின். ஐந்தாம் தேதி, காலை 5.52. வலது ஆள்காட்டி விரல். பத்தே முக்காலுக்கு அந்த விரல் இல்லை.

பூந்தமல்லியில் இரண்டு பிரதி எடுத்து, பென் டிரைவோடு ராணியிடம் கொடுத்தேன். இம்முறை தண்ணீர் வந்தது. 

மார்ச் 19

ராணி அந்தப் பதிவைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். பூபாலன் கூப்பிட்டார்.

"பழைய நாளுக்குத் தள்னியா இல்லியா?"

"தள்ளினேன் சார்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சி?"

"ரீஸ்டோர் பதிவுகள அழிக்காது சார்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கல சார்."

நாளை முதல் வர வேண்டாமாம்.

ஏப்ரல் 2, புதன்

அம்பத்தூரில் புது வேலை. ஜஸ்டின் அன்று டூட்டியில் இருந்ததைக் கம்பெனி ஒப்புக்கொண்டதாம். நஷ்டஈட்டு விசாரணை இனிமேல்தான். ராணி போனில் சொன்னாள். சரி என்றேன்.

இங்கேயும் வாசலில் விரல் வைக்கும் மெஷின். எந்த விரலானாலும் பரவாயில்லை என்றார்கள். வலது ஆள்காட்டியை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர், "அண்ணாத்தே, ஆய்ட்ச்சி, கைய எடு" என்றார்.

அதன் பிறகுதான் எடுத்தேன்.