உரிந்த இரண்டு தகடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறுகிறாள். ஆனால் உன் விண்வெளிப் பயணம் தள்ளிப்போன சேதி வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எட்டு வருடம் பாடுபட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த இடத்தை எந்தப் பாவி கெடுத்தானோ என்கிறாள். அந்தப் பாவி நான்தான். அடுத்தவர் வாயால் நீ இதைக் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கலத்தின் வெளிப்புறம் நாங்கள் பூசும் பிசின் பூச்சு, பூமிக்குத் திரும்பும்போது வெப்பத்தில் தான் கருகி உள்ளிருப்பவர்களைக் காக்க வேண்டும். ஏழு தகடுகளில் பூசித் தீப்பிழம்பின் முன் நிறுத்தினோம். ஐந்து ஒழுங்காகக் கருகின. இரண்டில் பூச்சு கொப்புளித்து, பாலாடை போலச் சுருண்டு உரிந்தது. அடியில் உலோகம் பல்லிளித்தது. புதிதாக வந்த பிசினில் ஈரம் ஏறியிருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் என் அறிக்கையை விரித்துப்போட்டு, அதன்மேலேயே நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “அந்த ரெண்டையும் விட்டுடும்மா. அஞ்சுன்னே எழுது, தேதி நெருங்குது” என்றார். நகத்துண்டுகளை ஊதிவிட்டுத் தாளை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், போகப்போவது நீ என்று தெரிந்தே. அவரைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு. பதினோரு நாள் சோற்றில் கைவைத்தாலே கருகிய பிசின் நாறியது.

பன்னிரண்டாம் நாள் உரிந்த தகடுகளையே எடுத்துப்போய்ப் பாதுகாப்புக் குழுவின் முன் வைத்தேன். மறுசோதனையில் மூன்று உரிந்தன. பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்தது கூத்து. பிழையைத் தானே கண்டுபிடித்ததாகத் தலைவர் கூட்டத்தில் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவளும் தட்டினாள். வெளியே வந்ததும், “உனக்கெதுக்கு இந்த ஊர்வம்பு?” என்று கேட்டாள். ஊர்வம்பாம்! என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்; இப்போது டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன்.

அடுத்த பயணத்தில் உன் இடம் உனக்கே கிடைக்குமா, தெரியவில்லை. வேறொருவனுக்குப் போனாலும் போகும். கோபம் வந்தால் வரட்டும், அதற்காகச் சாப்பாட்டைத் தள்ளிவைக்காதே.

திட்டியாவது இரண்டு வரி எழுது தம்பி. திட்ட நீ இருந்தால் எனக்குப் போதும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா